சாஃப்ட் ஹேக்கிள் வெட் ஃப்ளை: கட்டுவதும் வீசுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாஃப்ட் ஹேக்கிள் என்பது என்ன? மற்ற ஃப்ளைகளிலிருந்து எதில் வேறுபடுகிறது?

மீனை ஈர்க்கப் பூச்சியின் சாயலில் தூண்டில் முள்ளில் கட்டும் செயற்கை இரைதான் ஃப்ளை. நீருக்குள் அமிழ்வது வெட் ஃப்ளை; அதில் சுற்றும் இறகு ஹேக்கிள். தூண்டில் முள்ளின் தண்டில் பட்டு நூலால் மெல்லிய உடல். முள்ளின் காதை ஒட்டி மென்மையான பறவை இறகு ஒன்றரை அல்லது இரண்டு சுற்று. இவ்வளவுதான் முழு ஃப்ளையும். வால் கிடையாது, இறக்கை கிடையாது, பெரும்பாலும் எடைக்கான ஈயமும் மணியும் கிடையாது.

நீர்மேல் மிதக்கும் டிரை ஃப்ளைக்குச் சேவலின் கழுத்து இறகு வேண்டும். அதன் இழைகள் விறைப்பானவை, நீரை உறிஞ்சாதவை. இங்கே தேவைப்படுவது நேர்மாறானது: பேடைக்கோழி, கவுதாரி போன்றவற்றின் தளர்வான இறகு. நனைந்ததும் இழைகள் பின்னோக்கிச் சாயும். நீரோட்டம் சற்று மாறினாலும் விரிந்து மடங்கும். ஒரு கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பி, ஃப்ளையைத் தூண்டில் நரம்பில் கட்டி உள்ளே இறக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது இழைகள் உடலோடு படியும், நிறுத்தியதும் குடைபோல் மலரும். மீன் பார்ப்பது இந்த அசைவைத்தான். கட்டும்போது எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இந்த அசைவைக் காப்பாற்றுவதற்கே.

இதை ‘ஸ்பைடர்’ என்கிறார்களே, சிலந்தியைப் போலச் செய்ததா?

இல்லை. நீண்டு மெலிந்த சில கால்கள் மட்டும் தெரிவதால் வந்த பெயர். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளான வார்ஃப், நிட், யூர் கரைகளிலும், ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் ட்வீட் ஆற்றுப் பகுதியிலும் இந்தப் பாணி வளர்ந்தது. ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இல் வெளியிட்ட நூலில் ஸ்பைடர்களை ஆற்றின் மேல்நோக்கி வீச வேண்டும் என்று வாதாடினார். ‘சாஃப்ட் ஹேக்கிள்’ என்ற பெயர் பரவியது பிற்பாடு அமெரிக்காவில், 1975இல் சில்வெஸ்டர் நீம்ஸ் எழுதிய நூலுக்குப் பிறகு.

பழைய ஃப்ளைகளின் பெயரே செய்முறையைச் சொல்லிவிடும்: முதலில் இறகு, பிறகு நூலின் நிறம். ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ என்றால் கவுதாரி இறகு, ஆரஞ்சு பட்டு. ‘ஸ்னைப் அண்ட் பர்ப்பிள்’ என்றால் உள்ளான் இறகு, ஊதாப் பட்டு. ‘வாட்டர்ஹென் ப்ளோ’வில் வரும் ப்ளோ என்பது வட இங்கிலாந்து வழக்குச் சொல், மழை மேகத்தின் ஈயச் சாம்பல் நிறத்தைக் குறிப்பது. தாழைக்கோழியின் உள்ளிறக்கை இறகு சரியாக அந்த நிறம்தான்.

இத்தனை எளிய ஃப்ளையை மீன் ஏன் எடுக்கிறது?

குளிர்ந்த ஓடுநீர் மீனான ட்ரவுட் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் தின்கிறது. மேஃப்ளை என்னும் நீர்ப்பூச்சியின் இளம்பருவம் ஆற்றடிக் கற்களில் வாழ்ந்து, முதிர்ந்ததும் மேலே நீந்தி வந்து நீர்ப்பரப்பில் தோலுரித்துப் பறக்கிறது. மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே வரும் அந்தக் கடைசிக் கட்டத்தில் அதனால் வேகமாகத் தப்ப முடியாது. கேடிஸ் பூச்சியின் கூட்டுப்புழுவும் அப்படித்தான், நீண்ட கால்களை அடித்துக்கொண்டு மேலே வரும். இந்த இரண்டையும் சாஃப்ட் ஹேக்கிள் ஒருசேரக் காட்டுகிறது.

பலர் மறந்துவிடும் மூன்றாவது ஒன்றும் உண்டு. பேட்டிஸ் இனத்துப் பெண் மேஃப்ளைகளில் பல, நீட்டிக்கொண்டிருக்கும் கல்லைப் பிடித்து நீருக்குள் இறங்கி அடியில் முட்டையிடும். உடலைச் சுற்றிக் காற்றுப்படலம் ஒட்டியிருப்பதால் அது வெள்ளிபோல் மின்னும். முட்டையிட்டு ஓய்ந்தவை நீரோட்டத்தோடு மிதந்து போகும். மீன் வேறு எந்த ஃப்ளையையும் சீண்டாத மாலை வேளையில் சாஃப்ட் ஹேக்கிள் எடுபடுவதற்கு இது ஒரு காரணம்.

தொடங்குவதற்கு என்னென்ன வேண்டும்?

முள்: வெட் ஃப்ளைக்கான நடுத்தரக் கம்பி முள், 12, 14, 16 எண்கள். எண் கூடக்கூட முள் சிறியது. கற்றுக்கொள்ள 14 நல்லது. டிரை ஃப்ளைக்கான மெல்லிய கம்பி முள்ளில் கட்டினால் ஃப்ளை அமிழத் தாமதமாகும்.

நூல்: மெல்லிய பட்டு. நூறாண்டுக்கும் மேலாக இதற்கென்றே பெயர்பெற்றிருந்தது பியர்சால்ஸ் கோசமர். அதன் ஆரஞ்சுக்கு 6ஏ, ஊதாவுக்கு 8 என்ற எண்கள் இன்றும் குறிப்புகளில் வரும். அந்தத் தயாரிப்பு நின்றுவிட்டது; வேறு நிறுவனங்களின் மெல்லிய பட்டு நூல்கள் கிடைக்கின்றன. எம்ப்ராய்டரிப் பட்டு நூலில் ஒரே ஒரு புரியைப் பிரித்தெடுத்தும் பயன்படுத்தலாம், ஆனால் பிரிக்காமல் சுற்றினால் உடல் தடித்துவிடும்.

இவை தவிர முள்ளைப் பிடித்து நிறுத்தும் வைஸ், நூல்கண்டைத் தாங்கும் பாபின், ஹேக்கிள் இடுக்கி, கூரான சிறு கத்தரி, மெழுகு, ஊசி, தெளிந்த வார்னிஷ்.

பாலியெஸ்டர் நூல் மலிவாகக் கிடைக்கிறதே, பட்டுதான் வேண்டுமா?

பாலியெஸ்டரில் கட்டினாலும் மீன் வரும். ஆனால் பட்டு நனைந்ததும் ஆழ்ந்த நிறத்துக்கு மாறி, ஓரளவு ஒளியை ஊடுருவ விடுகிறது. அடியிலுள்ள முள்ளின் கருமையும் அதில் கலந்து தெரியும். உலர்ந்திருக்கும்போது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, நீரில் பழுப்புக் கலந்த செம்மண் நிறமாகிவிடும். மெழுகிட்ட வெளிர் மஞ்சள் பட்டு ஆலிவ் பச்சைக்கு நெருங்கும். பழைய குறிப்புகளில் உள்ள நிறங்கள் எல்லாம் இந்த மாற்றத்தைக் கணக்கில் வைத்தவை. பாலியெஸ்டர் அவ்வளவாக மாறாது. எனவே அதைப் பயன்படுத்தினால் இரண்டு சாயல் அடர்ந்த நிறமாக எடுங்கள். எந்த நூலானாலும், கட்டி முடித்ததை எச்சில் தொட்டு நனைத்துப் பார்த்த பிறகே நிறத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

கவுதாரியை இங்கே பிடித்து அதன் இறகைப் பயன்படுத்தலாமா?

கூடாது. இந்தியாவில் கவுதாரி, உள்ளான், தாழைக்கோழி, காட்டுக்கோழி எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வேட்டையாடுவது குற்றம். பழைய ஃப்ளைக் குறிப்புகளில் ‘ஜங்கிள் காக்’ என்று வருவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகுதான். அந்த ஏற்றுமதிக்காகவே அந்தப் பறவை பெருமளவில் கொல்லப்பட்டது. யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

மாற்று நம் சந்தையிலேயே இருக்கிறது. பண்ணைக் காடையின் முதுகு இறகு பழுப்பும் கறுப்புமாக வரியோடியிருக்கும், இழை மிக மென்மை. 14, 16 முட்களுக்குக் கவுதாரியின் இடத்தில் நன்றாக நிற்கும். நாட்டுக்கோழிப் பேடையின் கழுத்து இறகில் சாம்பல், கறுப்பு, செம்பழுப்பு எல்லாம் கிடைக்கும். புள்ளியிட்ட கின்னிக்கோழி இறகு சற்று விறைப்பு, அதனால் 12ஆம் எண்ணைவிடச் சிறிய முள்ளில் வேண்டாம். இறைச்சிக் கடையில் கேட்டு வாங்கிய இறகைப் பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, இறுக மூடிய பிளாஸ்டிக் உறையில் சில நாள் குளிர்பெட்டியின் உறையறையில் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு வாரம் கழித்து மறுபடியும் உறைய வையுங்கள். முதல் குளிரில் தப்பிய முட்டைகள் பொரித்திருந்தால் இரண்டாம் முறையில் சாகும். இதைச் செய்யாவிட்டால் ஒரு பையில் இருக்கும் பூச்சி மொத்தச் சேமிப்பையும் தின்றுவிடும்.

எந்த அளவு இறகைத் தேர்ந்தெடுப்பது?

நடுத்தண்டிலிருந்து இழையை விரித்துப் பிடித்து முள்ளோடு ஒப்பிடுங்கள். காதில் தொடங்கி வளைவின் பின்விளிம்பு வரை வந்தால் சரியான நீளம். 14ஆம் எண்ணுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 மி.மீ. பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இங்கேதான்: பெரிய இறகு கைக்கு எளிதாக இருப்பதால் அதையே எடுத்துவிடுகிறார்கள். நீண்ட இழைகள் முள்ளைத் தாண்டித் தொங்கும். மீன் அந்த நுனிகளைக் கவ்விவிட்டு முள்ளைத் தொடாமலே போய்விடும்.

பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச் கட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

இறகை முதலில் கட்டி, கடைசியில் சுற்றும் வட இங்கிலாந்து முறையைச் சொல்கிறோம். மற்ற முறைகளைவிடத் தலை சிறிதாக வருவதும், ஃப்ளை நெடுநாள் உழைப்பதும் இதில்தான்.

முள்ளை வைஸில் தண்டு கிடைமட்டமாக இருக்கும்படி மாட்டுங்கள். நூலை மெழுகின் மேல் இரண்டு முறை இழுங்கள். காதுக்குப் பின்னால், காதின் நீளம் அளவுக்கு வெற்று இடம் விட்டு நூலைத் தொடங்கி, பின்னோக்கி ஐந்து சுற்று சுற்றி மிச்ச நுனியை வெட்டுங்கள். காதருகே விடும் அந்த இடம்தான் பின்னால் தலையாகும். அதை இப்போது விட மறந்தால் கடைசியில் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

இறகின் அடியிலுள்ள பஞ்சை உருவி எடுங்கள். மிச்ச இழைகளை நடுத்தண்டுக்குக் குறுக்காக நிற்கும்படி விரல்களால் நீவிவிடுங்கள். ஒரு பக்க இழைகளை முழுவதும் உருவிவிட்டால் ஹேக்கிள் மெல்லியதாக வருவது உறுதி. புதியவர்கள் அப்படியே செய்யட்டும். இறகின் நுனி காதுக்கு மேலாக முன்னோக்கி நீட்டியிருக்க, மங்கலான குழிந்த பக்கம் மேலே இருக்க, தண்டை முள்ளின் மேல் வைத்து மூன்று சுற்றில் கட்டுங்கள். இப்படி வைத்தால்தான் பிறகு இறகை நிமிர்த்திச் சுற்றும்போது பளபளப்பான பக்கம் காதைப் பார்க்கும், இழைகள் வளைவை நோக்கிச் சாயும். தலைகீழாக வைத்தால் இழைகள் முன்னோக்கிக் குடைசாயும்.

நூலை ஒன்றையொன்று தொடும் சுற்றுகளாகப் பின்னோக்கிக் கொண்டுபோங்கள். இறகின் தண்டு அதனடியில் படியட்டும். முள்முனைக்கு நேர்மேலே வந்ததும் நிறுத்துங்கள். தண்டின் மிச்சத்தை அதற்குச் சற்று முன்பாகவே வெட்டிவிடுங்கள். வளைவுக்குள் இறங்க வேண்டாம்; இந்த ஃப்ளையின் உடல் குட்டையானது. அங்கிருந்து மறுபடி தொடு சுற்றுகளாக முன்னே வந்து, இறகு கட்டிய இடத்துக்கு ஒரு மி.மீ. பின்னால் நூலைத் தொங்கவிடுங்கள். உடல் முடிந்தது.

இறகின் நுனியை இடுக்கியால் பிடித்து நிமிர்த்துங்கள். கட்டிய இடத்தில் ஒரு சுற்று, அதற்குப் பின்னால் நூலை நோக்கி இன்னொரு சுற்று. அங்கே நுனியை நூலால் இரண்டு சுற்றில் பிடித்து, மிஞ்சியதை வெட்டுங்கள். இப்போது நூலை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டியபடி ஹேக்கிளின் ஊடே முன்னே கொண்டுபோங்கள். ஆட்டினால் நூல் இழைகளை மடக்காமல் இடைவெளிகளில் இறங்கும். நடுத்தண்டைக் குறுக்கே கட்டிவிடும் சுற்று இது. மீனின் பல் பட்டாலும் இறகு அவிழாது.

காதருகே மூன்று சுற்று, நான்கு சுற்று விப் முடிச்சு (நூல் நுனியைச் சுற்றுகளுக்கடியில் இழுத்து முடிப்பது), ஊசி முனையில் ஒரு துளி வார்னிஷ். எண்ணிப் பார்த்தால் பதினைந்து இழை நின்றாலே போதும். இன்னும் சில இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

தலை பெரிதாகி முள்ளின் காது அடைபடுகிறது. ஏன்?

தொடக்கத்தில் இடம் விடாததே முக்கியக் காரணம். அடுத்தது, ஒவ்வொரு கட்டத்திலும் பாதுகாப்புக்காகக் கூடுதலாகச் சுற்றுவது. மெழுகிட்ட பட்டு மூன்று சுற்றில் பிடித்துக்கொள்ளும். வார்னிஷ் காதில் இறங்கிவிட்டால் காயும் முன் ஒரு சிறு இறகை நுழைத்து இழுத்துவிடுங்கள்.

உடல் மேடுபள்ளமாக, கயிறு முறுக்கியதுபோல் வருகிறது.

சுற்றச்சுற்ற நூலில் முறுக்கு ஏறுகிறது. அவ்வப்போது பாபினைத் தொங்கவிட்டு, வலக்கைக்காரர்கள் மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றிவிட்டால் நூல் தட்டையாகும். நூல் அடிக்கடி அறுந்தால் முள்முனையில் உரசுகிறதா என்று பாருங்கள். விரலின் சொரசொரப்பும் பட்டைப் பிசிறாக்கும்.

சுற்றும்போது இறகின் தண்டு முறிகிறது.

இறகு காய்ந்து போயிருக்கும். ஈரத்துணியில் சற்று நேரம் வைத்து எடுத்தால் வளையும். இடுக்கியால் மிக நுனியைப் பிடித்து இழுப்பதும் காரணமாக இருக்கலாம். நுனித் தண்டு முடியைப் போன்றது, சற்று உள்ளே தள்ளிப் பிடியுங்கள்.

வேகமான நீரில் இழைகள் உடலோடு ஒட்டிக்கொண்டு உயிரில்லாமல் போகின்றன. என்ன செய்வது?

ஹேக்கிளுக்குப் பின்னால் ஒரு சிறு தடுப்பு வேண்டும். மெழுகிட்ட நூலில் முயல் மயிரைச் சிட்டிகை அளவில் சுருட்டி, இறகுக்குப் பின்னால் இரண்டு சுற்று சுற்றினால் சிறு உருண்டை வரும். இழைகள் அதில் சாய்ந்து விரிந்தே நிற்கும். அதிக இறகு சுற்றி இதைச் சரிசெய்ய முயல்வது பலிக்காது. இழைகள் ஒன்றையொன்று நெருக்கி, ஃப்ளை துடைப்பம்போல் ஆகிவிடும்.

எந்த நாளில் எதை வீசுவது?

யார்க்‌ஷயர் வழக்கம் இது. மார்ச், ஏப்ரலின் குளிர்ந்த நாள்களில் பெரிய கரும் ஆலிவ் மேஃப்ளைக்கு வாட்டர்ஹென் ப்ளோ: வெளிர் மஞ்சள் பட்டு, அதன் நிறம் தெரியும் அளவுக்கே தூவிய அகழெலி மயிர், சாம்பல் இறகு. மேகமூட்டமும் காற்றும் உள்ள நாளில் ஸ்னைப் அண்ட் பர்ப்பிள். மே, ஜூனில் வெளிர்நிறப் பூச்சிகள் வரும்போது பார்ட்ரிட்ஜ் அண்ட் யெல்லோ. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச் பருவம் முழுவதும் பெட்டியில் இருக்க வேண்டியது. ஒன்றே ஒன்றுதான் கட்ட நேரம் என்றால் அதையே கட்டுங்கள்.

ஒரே நரம்பில் மூன்று ஃப்ளைகளை எப்படிக் கட்டுவது?

நுனியில் ஒன்று, மேலே கிளைகளில் இரண்டு, இடைவெளி 60 முதல் 75 செ.மீ. கிளையின் நீளம் 10 முதல் 12 செ.மீ. இருந்தால் போதும், நீண்டால் முக்கிய நரம்பைச் சுற்றிக்கொள்ளும். நரம்பு 0.15 முதல் 0.18 மி.மீ. தடிமன். இரு துண்டுகளை நீர்முடிச்சால் இணைக்கும்போது இரண்டு நுனிகள் மிஞ்சும். அவற்றில் கீழ்நோக்கி நிற்பதை, அதாவது மேல் துண்டின் தொடர்ச்சியாக வருவதைக் கிளையாக வையுங்கள். அப்போது மீனின் இழுப்பு நேராகத் தூண்டில் கழியை நோக்கிய நரம்புக்குப் போகும். மற்றதைக் கிளையாக்கினால் முடிச்சை மீன் பிரித்துவிடலாம்.

கனமான ஃப்ளை நுனியில். புதியவர்கள் ஒன்றில் தொடங்கி, சிக்கலின்றி வீசப் பழகியபின் இரண்டுக்குப் போவது நல்லது.

ஆற்றின் குறுக்கே கீழ்நோக்கி வீசுவது எப்படி?

எதிர்க்கரைக்கும் கீழ்நீருக்கும் நடுவே 45 பாகையில் வீசுங்கள். விழுந்ததும் கழியை உயர்த்தி, நூலின் (கட்டும் பட்டு நூல் அல்ல, ரீலிலிருந்து வரும் வீசுநூல்) நடுப்பகுதியை மேல்நீர்ப் பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நடு ஆற்றின் வேகம் நூலை வில்லாக வளைத்து, ஃப்ளையை எந்தப் பூச்சியும் நீந்தாத வேகத்தில் இழுத்துப்போகும். பிறகு கழி நுனியால் நூலைப் பின்தொடருங்கள். ஃப்ளை உங்களுக்கு நேர்கீழே வந்து நின்றதும் உடனே எடுக்காமல், பத்து எண்ணும் வரை தொங்கவிட்டு மெல்ல உயர்த்துங்கள். பிறகு ஓரடி கீழே நகர்ந்து அடுத்த வீச்சு.

மேல்நோக்கி வீசும் முறை இதைவிடக் கடினம், ஆனால் நீர் தெளிந்து குறைந்திருக்கும்போது இதுதான் கைகொடுக்கும். மீன் மேல்நீரைப் பார்த்தே நிற்பதால் பின்னாலிருந்து நெருங்கலாம். 6 முதல் 8 மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். ஃப்ளை மிதந்து வரும் வேகத்துக்கே கழியை உயர்த்தி, நூலை நீரிலிருந்து தூக்கிப் பிடியுங்கள். நூல் நீரைத் தொடும் இடம் ஒரு கணம் நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே கழியை உயர்த்த வேண்டும்.

மீன் நிற்கும் இடம் தெரிந்தால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் லைசன்ரிங் பெயரால் வழங்குவது. மீனுக்கு மேல்நீரில் வீசி ஃப்ளையை அமிழ விட்டு, அது மீனை நெருங்கும்போது கழியின் ஓட்டத்தை நிறுத்துங்கள். நூல் இறுகி ஃப்ளை தானாக மேலெழும். பூச்சி மேலே வருவதும் இப்படித்தான் இருக்கும்.

சுண்டுகிறது, ஆனால் மீன் மாட்டுவதில்லை.

கீழ்நோக்கி வீசும்போது இது எல்லோருக்கும் நேர்வது. கழியை நூலுக்கு நேராக நீட்டியிருந்தால் தளர்வே இல்லாமல், மீன் ஃப்ளையை உள்ளிழுக்க முடியாது. கழியைச் சற்று உயர்த்தி, ரீலுக்கும் விரலுக்கும் இடையே ஒரு சாண் தளர்ந்த நூல் வையுங்கள். சுண்டல் தெரிந்ததும் வெட்டி இழுக்காதீர்கள். மீன் திரும்பும்போது அந்தத் தளர்வு போய், வாயோரத்தில் முள் தானே ஏறும். அதற்குப் பிறகும் தவறினால் முள் கூராக இருக்கிறதா, இழைகள் நீளமா என்று பாருங்கள்.

ஃப்ளை மேற்பரப்பிலேயே சறுக்குகிறது.

நரம்பில் எண்ணெய்ப் பசை இருக்கும். களிமண்ணில் ஒரு துளி பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து நரம்பில் தடவித் துடையுங்கள். புதிய ஃப்ளையை வீசும் முன் நீரில் நன்றாக நனைத்து விரலால் கசக்குங்கள்.

நம் பக்கத்தில் எங்கே பயன்படும்?

ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, ஆக்ஸிஜன் நிறைந்த ஓடுநீர் வேண்டும். நீலகிரியின் உயர்ந்த ஓடைகளில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய முயற்சிகளுக்குப் பின் வானவில் ட்ரவுட் நிலைத்தது. அவலாஞ்சியில் மீன்வளத் துறையின் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. மூணாறு மலைகளிலும், இலங்கையின் நுவரெலியாப் பக்கத்திலும் ஆங்கிலேயர் காலத்தில் தோட்ட முதலாளிகள் கொண்டுவந்த ட்ரவுட் உண்டு. இந்த நீர்நிலைகளில் பல காப்புக்காட்டுக்குள் இருப்பவை. மீன்வளத் துறை, வனத்துறை இரண்டிடமும் கேட்டு, எழுத்து அனுமதி பெற்ற பிறகே கழியை எடுங்கள்.

முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் அன்று ட்ரவுட்டை விட்டுவிடுங்கள். நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பிறகு அது செத்துவிடும் வாய்ப்பு அதிகம்.

பயன்படுத்திய ஃப்ளைகளை எப்படி வைப்பது?

ஈரத்தோடு பெட்டியில் மூடாதீர்கள். முள் துருப்பிடித்து, அந்தத் துரு பட்டிலும் ஏறும். வீடு வந்ததும் பெட்டியைத் திறந்து இரவு முழுவதும் உலர விடுங்கள். இழைகள் நசுங்கிக் கோணியிருந்தால், கொதிக்கும் கெண்டியின் மூக்கில் வரும் ஆவியில் இடுக்கியால் சில நொடி காட்டினால் பழையபடி எழுந்து நிற்கும்.